காற்று பிள்ளைகளுக்கு, கட்டளை கமிட்டிக்கோ?

ஒரு பக்கம் 19 வாக்குகள். மறுபக்கம் 17 வாக்குகள். 2012 ஆம் ஆண்டு மே மாதத்தில், இத்தாலி நாட்டு மஜோரே ஏரிக்கரையிலுள்ள ஸ்ரெசா என்னும் ஊரிற் கூடிய அனைத்துலகப் பாயோட்டச் சம்மேளனத்தின் சபையானது, இந்த இரண்டே வாக்கு வித்தியாசத்தைக் கொண்டு, 1984 ஆம் ஆண்டு தொடங்கி ஒலிம்பிக் விழாவில் இடம்பெற்று வந்த ஒரு விளையாட்டை 2016 ஆம் ஆண்டு விழாவிலிருந்து வெளியேற்றித் தீர்மானஞ் செய்தது. அத்தீர்மானத்தினால் வாழ்க்கையே திசைமாறப் போகும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்தில் ஒரு வாக்கும் இருக்கவில்லை. மறுதரப்பையும் கேட்டே தீர்ப்பளித்தல் வேண்டும் என்னும் விதியைச் சட்டம் பயில்வோர் முதல் வருடத்திலேயே மனனஞ் செய்கின்றனர். விளையாட்டை ஆளும் கனவான்கள் அவ்விதியைக் கேள்வியுற்றதேயில்லைப் போலும்!

வின்ட்சேர்ஃபிங் என்று உலகம் வழங்கும் அவ்விளையாட்டை இக்கட்டுரையிற் பாய்ப்பலகை ஓட்டம் என்றே குறிப்போம். ஆளொருவர் நிற்கத்தக்க ஒரு பலகை; அதன் நடுவே எத்திசையிலும் சாயத்தக்க மூட்டொன்றிற் பொருத்திய பாய்மரம்; அதில் முக்கோணப் பாய்; பாயின் இருமருங்கும் வில்லாய் வளைந்த கைப்பிடி. இவ்வளவே கருவி. சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தாற் பலகை காற்றை விட்டு விலகும். பின்னே சாய்த்தாற் காற்றை நோக்கித் திரும்பும். ஓட்டுபவனின் கையும் காலும் இடுப்புமே கயிறும் சுக்கானும் ஆகின்றன. கட்டுமரத்தையும் பாய்த்தோணியையும் கண்டு வளர்ந்த நம் கரையோர மக்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை. போட்டிகள் இருவகைப்படும். மிதவைகளைச் சுற்றி யார் முந்தி வருகிறார் என்று பார்க்கும் ஓட்டப்போட்டி ஒன்று. நடுவர்களின் முன்னிலையிற் சில நிமிட நேரத்துக்குள் பலகையோடு துள்ளி, அந்தரத்திற் சுழன்று, பின்முகமாய் நீரில் இறங்கி வித்தைகள் காட்டும் ஃபிறீஸ்ரைல் போட்டி மற்றொன்று. இரண்டிலும் முன்னணியில் நிற்போர் பெரும்பாலும் இளைஞர். பதின்மூன்று வயதிலே உலக சாம்பியனானவர் உண்டு. 1976 ஆம் ஆண்டு பஹாமாஸ் தீவுகளில் நடந்த போட்டியில் அப்பட்டத்தை வென்ற றொபி நெய்ஷ் அத்தகையவரே.

ஸ்ரெசாவின் கதைக்கு மீள்வோம். அங்கு வாக்களித்த நாடுகளுள் ஒன்றான ஸ்பெயினின் சங்கத்தார், குழப்பத்தினாலே தம் வாக்கு மாறி விழுந்துவிட்டதென்று பின்னர் சொன்னதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. இரண்டு வாக்கிலே தீர்ந்த வழக்கில் ஒரு வாக்கு மாறி விழுந்தது என்றால் அத்தீர்ப்பின் யோக்கியதை யாது? ஆகஸ்ட் மாதம் பிறந்தது. இலண்டன் ஒலிம்பிக் விழாவின் பெண்கள் பாய்ப்பலகைப் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றவர் யார்? அதே ஸ்பெயின் நாட்டு மரீனா அலபாவு! நாட்டின் பிரதிநிதி குழிதோண்டி ஏறக்குறைய மூன்று மாதத்தில், நாட்டின் மகள் அக்குழியின் மேல் நின்று கொடியேற்றினாள். அவ்வருடம் நவம்பர் மாதத்தில் அயர்லாந்தின் டன் லேரித் துறைமுகத்திற் கூடிய பொதுச்சபை, தன் சபையின் தீர்மானத்தைத் தானே கவிழ்த்துப் பாய்ப்பலகையை மீண்டும் உள்ளே அழைத்தது.

“மீண்டும் சேர்த்துவிட்டார்களே, பின்னர் என்ன முறைப்பாடு?” என்று சிலர் கேட்பர். தவறாகப் பிடித்தவனை ஆறு மாதம் மறியலில் வைத்திருந்து பின்னர் விடுதலை செய்தால், அந்த ஆறு மாதம் யாருடைய கணக்கில் எழுதப்படும்? வளரும் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது அற்ப காலமன்று. பாடசாலையா, கடலா என்று தீர்மானிக்கும் வயது அது. மறைந்துபோகும் விளையாட்டுக்கு எந்த அரசாங்கமும் பணங் கொடாது. எந்தத் தந்தையும் கடன் வாங்கான்.

பட்டத்தின் மேல் நமக்கு வெறுப்பில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுதல் தகும். ஸ்ரெசாவிற் பாய்ப்பலகைக்குப் பதிலாகப் புகுத்தப்பட்டது, வானிற் பறக்கும் பெரும் பட்டத்தைக் கையிற் பிடித்து அதன் இழுவையினால் நீர்மேல் ஓடும் விளையாட்டு. கற்பிட்டிக் கடனீரேரியில் ஐரோப்பியப் பயணிகள் அதனை விளையாடுவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். பட்டம் ஏற்றுவதைப்பற்றி வல்வெட்டித்துறை வாலிபர்க்கு வெளிநாட்டார் வந்து பாடஞ் சொல்ல வேண்டியதுமில்லை! பட்ட விளையாட்டுக்குத் தனியிடம் கொடுத்திருக்கலாம். 2024 ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில் அவ்வாறே கொடுத்தார்கள். இரண்டும் ஒருங்கே நின்றன, ஒன்றும் மூழ்கிவிடவில்லை. ஆகவே ஒருவன் இருந்த ஆசனத்தைப் பறித்து மற்றவனுக்குக் கொடுத்தது 2012 இலும் அவசியமாயிருக்கவில்லை.

இவ்விளையாட்டின் உரிமை யாரிடத்தது? இது வெறும் மேடைக் கேள்வியன்று. நீதிமன்றம் விசாரித்துப் பதிலளித்த கேள்வி. ஜிம் டிறேக், ஹொய்ல் சுவைற்சர் என்னும் இரு அமெரிக்கர் 1968 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் இக்கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். அவ்வுரிமை வழிவந்த நிறுவனம், உலகில் வேறெவரும் தன் உத்தரவின்றிப் பாய்ப்பலகை செய்தலாகாது என்று நாடுகள் தோறும் வழக்காடியது. இங்கிலாந்திலே தபூர் மறைன் என்னும் கம்பனி எதிர்த்து நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு 1985 ஆம் ஆண்டின் காப்புரிமை வழக்குத் தொகுதியிற் பதிவாகியிருக்கின்றது. எதிர்வழக்காடிகள் கொண்டுவந்த சான்று யாது? பெரும் பொறியியலாளனின் வரைபடமா? அதுமட்டுமன்று. பீற்றர் சில்வேர்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பத்து வருடம் முந்தி, 1958 ஆம் ஆண்டு விடுமுறையில், இங்கிலாந்தின் ஹேலிங் தீவுக் கரையில், எவரும் காணத்தக்க திறந்த நீர்நிலையிலே, தானே செய்த பலகையிற் பாய்கட்டி ஓடினான் என்ற சான்று அது! அவனது கைப்பிடி நேர்மரமாய் இருந்தது. காற்றுப் பிடித்தபோது அதுவும் வில்லாய் வளைந்தது. நியூமன் டார்பி என்ற அமெரிக்கர் 1965 இல் ஒரு சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையும் உடன் காட்டப்பட்டது. இவை இருக்கையில், இதைவிட மேலதிகமாக நீர் கண்டுபிடித்தது சாதாரணத் தொழிலாளிக்கும் தோன்றத்தக்கதே என்று சொல்லி நீதிபதிகள் அக்காப்புரிமையைச் செல்லாததாக்கினர். ஒரு கண்டுபிடிப்புப் புதுமையானதா, எவர்க்கும் தோன்றத்தக்கதா என்று ஆராயும் முறையை அத்தீர்ப்பு வகுத்தது; காப்புரிமைச் சட்டம் பயிலும் மாணவர் அதனை இந்த விளையாட்டின் பெயராலேயே இன்றும் படிக்கிறார்கள்.

சட்டத்தரணிகளான நம் வாசகர் இவ்வழக்கைச் சற்றே நின்று சுவைக்கலாம். ஒரு சிறுவனின் விடுமுறை விளையாட்டு ஒரு பெருங் கம்பனியின் ஏகபோகத்தை உடைத்தது. ஆனால் நீதிமன்றத்தின் முன்வாசலால் வெளியேற்றப்பட்ட அந்த ஏகபோகம், கமிட்டி மண்டபத்தின் பின்வாசலால் மீண்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எவ்வாறெனில், ஒலிம்பிக் ஓட்டப்போட்டியில் ஒவ்வொருவரும் ஒரே அச்சில் வார்த்த பலகையிலேயே ஓடவேண்டும். எந்தப் பலகை என்பதைச் சம்மேளனம் சொல்லும். சம்மேளனம் சொன்ன பலகையைச் செய்யும் நிறுவனம் உலகமெங்கும் விற்கும்.

ஒரே பலகை என்ற கொள்கை தன்னளவில் நல்லது என்பதை மறுக்க மாட்டோம். செல்வன் வேகமான பலகையையும் வறியவன் மெதுவான பலகையையும் கொண்டுவந்து போட்டியிடுவதில் நீதியில்லை. ஆனால் அக்கொள்கை நீதியாக வேண்டுமானால் அப்பலகை நிலைத்திருக்க வேண்டும். பழையதாக வாங்கி, திருத்தி, தம்பிக்கும் தங்கைக்கும் கைமாற்றத்தக்கதாய் இருக்கவேண்டும். நடந்தது என்ன? 1984 இல் வின்ட்கிளைடர். 1988 இல் லெக்னர் இரண்டாம் பிரிவு. 1992 இல், பெண்களுக்கும் முதன்முறையாகத் தனிப்போட்டி கிடைத்த அந்த பார்சிலோனா விழாவில், லெக்னரின் வேறொரு பலகை. 1996 முதல் 2004 வரை மிஸ்ரால். 2008 முதல், 2021 இல் நடந்து முடிந்த தோக்கியோ விழா வரை, ஆர்.எஸ்.எக்ஸ். 2024 இல் ஐ.கியூ.ஃபொயில். நாற்பது வருடத்தில் ஆறு பலகைகள்! ஒவ்வொரு முறையும் பழைய பலகை ஒரே வாக்கெடுப்பினால் விறகாயிற்று. இதே காலத்தில் லேசர் என்னும் சிறு பாய்ப்படகைப் பாருங்கள். 1996 இல் ஒலிம்பிக்கில் நுழைந்த அப்படகு 2024 வரை எட்டு விழாக்களில் இடம்பெயராது நின்றது. தந்தை ஓட்டிய வகைப் படகை மகனும் ஓட்டலாம். படகுக்காரனுக்கு ஒரு சட்டம், பலகைக்காரனுக்கு ஒரு சட்டமா?

வன்னியிலும் வலிகாமத்திலும் மண்ணைக் கிண்டிப் பிழைக்கும் நம் விவசாயப் பெருமக்களுக்கு இது எளிதில் விளங்கும். இந்தப் போகத்துக்கு இந்த விதைதான் போடவேண்டும், அதனை இன்ன கம்பனியிடமே வாங்கவேண்டும் என்று ஒருவன் கட்டளையிடுகிறான். கடன்பட்டு வாங்கி, அவ்விதைக்கேற்ற உரமும் நீரும் பழகி, கைபழகிய வேளையிலே, அடுத்த போகத்துக்கு அந்த விதை கூடாது, வேறு விதை என்கிறான். பத்து ஏக்கர் வைத்திருப்பவன் முணுமுணுத்துக்கொண்டு வாங்குவான். பத்துப் பரப்பு வைத்திருப்பவன் வயலை விட்டே போவான். பாய்ப்பலகையிற் பத்துப் பரப்புக்காரர் யாரென்றால் சிறு தீவுகளும் சிறு நாடுகளுமே.

அச்சிறு கரைகள் இவ்விளையாட்டுக்குச் செய்த சிறப்பை மறந்துவிட முடியுமா? 1988 இல் கொரியாவின் பூசான் கடலிலே யான் பூர்ஸ்மா வென்ற வெள்ளிப்பதக்கம், நெதர்லாந்து அன்ரிலீஸ் என்னும் தீவுக்கூட்டம் தன் சரித்திரம் முழுவதிலும் பெற்ற ஒரேயொரு ஒலிம்பிக் பதக்கம். 2010 இல் அவ்வரசியல் அமைப்பே கலைக்கப்பட்டது. பதக்கம் ஒன்றே மிஞ்சியிருக்கின்றது. 1996 இல் அற்லாந்தா விழாவில், ஹொங்கொங்கைச் சேர்ந்த செங் சௌ என்னும் சிறு தீவிற் பிறந்த லீ லாய்-ஷான் தங்கம் வென்றார். அதுவே ஹொங்கொங் மக்கள் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். மறுவருடம் ஆட்சி கைமாற இருந்த அந்நகரம் அப்பெண்ணை எவ்வாறு வரவேற்றிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2004 இல் ஏதென்சில் இஸ்ரவேலின் கல் ஃபிறிட்மன் தன் நாட்டின் முதலாவது தங்கத்தை வென்றதும் பாய்ப்பலகையிலேயே. கல் என்ற எபிரேயச் சொல்லுக்கு அலை என்பது பொருள்; பெயர் வைத்த பெற்றோர் தீர்க்கதரிசிகளே! பெருஞ் செலவுள்ள படகுகளிலன்றி ஒரு பலகையிலும் ஒரு பாயிலும் இம்மக்கள் வென்றது தற்செயலா? கருவி எளிதாய் இருக்கும்வரையே சிறியவன் பெரியவனோடு சரிக்குச் சரி நிற்பான்.

இப்பொழுது ஒலிம்பிக்கில் ஓடும் பலகையைக் காண்போம். அதன் அடியிலே ஒரு தண்டு. தண்டின் நுனியில் விமானத்தின் இறக்கை போன்ற நீர்ச்சிறகு. வேகம் பிடித்தவுடன் பலகை முழுவதும் நீரை விட்டு மேலெழுந்து பறக்கும். மணிக்கு 25 கடல்மைலையும் தாண்டி ஓடும். காண்பதற்கு அற்புதமானது, சந்தேகமில்லை. ஆனால் பலகை, சிறகு, கரிநாரினாற் செய்த பாய்மரம், பாய் என்று ஒரு தொகுதியை வாங்கப் பல ஆயிரம் யூரோ வேண்டும். ஆண்களின் பிரிவிலே உடற்பாரம் மிகுந்தவர்க்கே அது அதிகம் வசப்படுகிறது என்பதும் ஓட்டுவோர் அறிந்த உண்மை. மெலிந்த உடல்வாகுள்ள ஆசியப் பிள்ளைகள் முன்னைய பலகையிற் பெற்றிருந்த அனுகூலம் ஒரு தீர்மானத்தோடு போயிற்று. 2019 நவம்பரில் பெர்மியூடாவிற் கூடிய மகாநாடு இதனை அங்கீகரித்தபோது, ஆர்.எஸ்.எக்ஸ் பலகையை நம்பிப் பயின்றுகொண்டிருந்த இளைஞர் உலகமெங்கும் இருந்தனர். அத்தகையோர் கதைக்கு நம் அண்டை நாட்டிலேயே சான்றுண்டு. 2023 செப்டெம்பரில் சீனாவின் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு விழாவிலே இந்தியாவின் எபாட் அலி ஆர்.எஸ்.எக்ஸ் பலகையில் வெண்கலப்பதக்கம் வென்றார். ஆசியாவின் மூன்றாமிடம்! ஆனால் எந்தப் பலகையில் அவர் வென்றாரோ அதற்கு அடுத்த ஆண்டுப் பாரிஸ் விழாவில் இடமேயில்லை.

இவ்விடத்திலே ஃபிறீஸ்ரைல் போட்டியின் பக்கம் திரும்புவது அவசியம். அங்கே இன்ன பலகைதான் என்ற கட்டளை கிடையாது. கையிலுள்ள பலகையைக் கொண்டுவா, செய்து காட்டு என்பதே அங்குள்ள சட்டம். விளைவு யாது? கரிபியன் கடலிலே பொனேர் என்ற சிறு தீவு. அதன் லாக் குடாவில் இடுப்பளவு நீர். வருடத்திற் பெரும்பகுதியும் ஒரே சீராக வீசும் வாணிபக் காற்று. அங்கே பெரியோரும் பயணிகளும் கழித்த பழம் பலகைகளிலும் பாய்களிலும் பழகிய மீனவர் சமூகத்துப் பிள்ளைகள் உலக அரங்கை நடுங்க வைத்தார்கள். தாற்றி ஃபிறான்ஸ், தொங்கி ஃபிறான்ஸ், கிரி தோட் என்னும் பெயர்கள் அவ்விளையாட்டை அறிந்தோர் எவருக்கும் தெரியும். அயற்றீவான அறூபாவின் சாறா-குயிற்றா ஒஃப்றிங்கா பதின்ம வயதிலேயே பெண்கள் உலகப் பட்டத்தை வென்று, பின்னர் வருடந்தோறும் அதனைத் தன் வீட்டுச் சொத்துப் போலவே வைத்திருந்தார். வெனிசுவேலா நாட்டு மார்கரீற்றாத் தீவின் எல் யாக்கே என்பது ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கிருந்து வந்த ‘கொயீற்றோ’ எஸ்ற்றேடோ ஒன்பது முறை உலக சாம்பியன். செல்வ நாடுகளின் சங்கங்கள் பயிற்சியாளரையும் வைத்தியரையும் வைத்துப் பேணிய வாலிபர்கள், இக்கிராமத்துப் பிள்ளைகளின் வித்தைகளைப் பார்த்துப் பயின்றார்கள். கருவிக் கட்டளை உள்ள இடத்தில் வறிய கரை பின்தங்குகிறது. இல்லாத இடத்தில் அதே கரை முடிசூடுகிறது. இதைவிடத் தெளிவான சாட்சியத்தை எந்த நீதிபதி கேட்பார்?

ஃபிறீஸ்ரைல் போட்டியில் நாம் மெச்சுவது மற்றுமொன்று. நடுவரின் கண் தவறலாம். காற்று நடுவிலே விழுந்துவிடலாம். அதனாலே, முதற்சுற்றில் தோற்றவன் இரண்டாஞ் சுற்றிற் கீழிருந்து ஒவ்வொருவராய் வென்று மேலேறி வர அங்கு வழி வைத்திருக்கிறார்கள். மேன்முறையீட்டு உரிமை என்று நாம் அதனைச் சொல்வோம். ஒலிம்பிக் ஓட்டத்திலோ, இருந்த மேன்முறையீட்டையும் எடுத்துவிட்டார்கள். பாரிஸ் விழாவின் பாயோட்டங்கள் மார்செய் துறைமுகத்தில் நடந்தன. பிரித்தானியாவின் எம்மா வில்சன் நாட்கணக்காக நடந்த முற்சுற்று ஓட்டங்களில் மற்றெல்லாரையும் வெகுதூரம் பின்தள்ளிப் பெரும் முன்னிலையோடு இறுதிக்கு வந்தார். பழைய முறையில் அம்முன்னிலை அவருடைய கணக்கிலேயே இருந்திருக்கும். புதிய முறையில் மூவர் மட்டும் ஓடும் ஒரேயோர் இறுதி ஓட்டம். அதில் முந்தி வருபவர்க்கே தங்கம். முன் வென்றவையெல்லாம் இறுதிக்கு நுழைவுச் சீட்டு மாத்திரமே. சில நிமிடத்திலே முடிந்த அவ்வோட்டத்தில் இத்தாலியின் மார்த்தா மஜெற்றி தங்கமும், இஸ்ரவேலின் ஷாரன் காந்தர் வெள்ளியும் பெற, வில்சனுக்கு வெண்கலம் கிடைத்தது. வென்றவர் மீது குற்றமில்லை. விதித்த விதிப்படி ஓடி வென்றார். விதியை எழுதியவரையே நாம் கேட்கிறோம். பருவம் முழுவதும் விளைந்த நெல்லை ஒரே மரக்காலில் அளந்து கூலி கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? தொலைக்காட்சியில் அரைமணி நேரம் பார்ப்பவனுக்கு விளங்க வேண்டுமாம்! விளங்கிவிட்டது, நன்றாகவே விளங்கிவிட்டது.

எதிர்த்தரப்பின் நியாயங்களையும் சொல்லாது விடுவது முறையன்று. மெல்லிய காற்றிலும் நீர்ச்சிறகுப் பலகை பறக்கும். ஆதலாற் காற்றுக்காகக் காத்துக் கிடந்து ஓட்டங்களை ஒத்திவைக்கும் தொல்லை குறையும் என்கிறார்கள். உண்மை, ஒப்புக்கொள்கிறோம். இளைஞரே அதனை விரும்புகிறார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மை; பறக்க விரும்பாத இளைஞன் யார்? ஆனால் இவ்விரண்டும் பலகையின் புகழேயன்றி அதனைப் புகுத்திய முறைக்கு நியாயமாகா. மூன்றாவதாக அவர்கள் எடுப்பதுதான் கனமான வாதம். ஒரே நிறுவனத்தின் பொருளை நிரந்தரமாக வைத்திருப்பது ஐரோப்பாவின் போட்டிச் சட்டத்துக்கு மாறாகும். ஆகவே காலந்தோறும் புதிதாய்த் தெரிவு செய்யவேண்டியதாயிற்று என்கிறார்கள்.

சட்டத்தின் பெயரால் வந்த இவ்வாதத்துக்குச் சட்டத்தினாலேயே பதிலுண்டு. போட்டிச் சட்டம் கேட்பது, உற்பத்தி செய்யத் தகுதியுள்ள எவர்க்கும் நியாயமான நிபந்தனையில் வாசல் திறந்திருத்தல் வேண்டும் என்பதே. அளவும் அச்சும் மாறவேண்டும் என்று அது கேட்கவில்லை. இதனை அவர்களே வேறோரிடத்திற் செய்து காட்டியும் இருக்கிறார்கள். மேலே சொன்ன லேசர் படகுக்கு 2019 இல் இதே பிரச்சினை எழுந்தபோது, அப்படகின் உலகச் சங்கம் பெயரை மாற்றி, அதே அளவில், அதே வடிவில், வேறு பல உற்பத்தியாளர்களும் கட்ட அனுமதி கொடுத்தது. படகு மாறவில்லை, கட்டுவோர் பெருகினர். பழைய படகு வைத்திருந்தவனும் நட்டப்படவில்லை. பாய்ப்பலகைக்கு அவ்வழியைக் காணாதது ஏன்? ஆர்.எஸ்.எக்ஸ் நீல் பிறைட் என்ற ஒரே நிறுவனத்தின் பொருள் என்பது குறையானால், அதன் இடத்துக்கு வந்த ஐ.கியூ.ஃபொயில் ஸ்ரார்போர்ட் நிறுவனத்தின் பலகையும் செவேர்ண் நிறுவனத்தின் பாயுமாகத் தெரிவு செய்யப்பட்டதே, அதனால் ஏகபோகம் ஒழிந்ததா? அந்நிறுவனங்கள் நல்ல பொருள் செய்பவை. அவற்றின்மேல் நமக்குக் குறையில்லை. பெயர் மாறியதேயன்றிப் பிணி மாறவில்லை என்பதையே காட்டுகிறோம்.

சிறுவர்க்கென ஒரு பலகை இருக்கின்றது. ரெக்னோ 293 என்பது அதன் பெயர்; 2.93 மீற்றர் நீளம். அடிபட்டால் எளிதில் உடையாத உடல். கனங் குறைந்த பிள்ளையையும் மெல்லிய காற்றிற் சுமக்கும். வயதுக்கேற்பப் பாயை மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரில் 2010 இலும், நாஞ்சிங்கில் 2014 இலும், புவனஸ் அயர்சில் 2018 இலும் நடந்த இளையோர் ஒலிம்பிக் விழாக்களில் இப்பலகை வகையிலேயே பிள்ளைகள் ஓடினர். ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் சிறு சங்கங்கள் கடினப்பட்டு வாங்கிய இப்பலகைகள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. இப்பொழுது இளம்பருவத்தினர்க்கும் சிறுவர்க்கும் எனத் தனித்தனி நீர்ச்சிறகுப் பிரிவுகள் தோன்றிவிட்டன. மேலே பறந்தால் கீழும் பறக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். பல்கலைக்கழகத்திலே கணிதப் பாடநூல் மாறியதென்று அரிவரி வகுப்புப் பிள்ளையின் சிலேற்றையும் பிடுங்கி எறிவதா?

நம்மவரிற் சிலர், எங்கோ ஒரு கடலில் விளையாடும் பிள்ளைகளுக்காக இத்துணை மை செலவிடுவானேன் என்று கேட்கக்கூடும். மண்டபத்திலிருந்து தீர்மானம் செய்பவன், தீர்மானத்தின் பாரத்தைச் சுமப்பவனைக் கேளாமல் விடுவது கடலிலே தொடங்கினாலும் கடலோடு நிற்பதில்லை என்பதைச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுசெல்பவனும் அறிவான்; கச்சேரியிற் கோப்பு நகர்த்துபவனும் அறிவான்.

ஆகவே நாம் கேட்பது அளவானது. சிறுவர் பலகைக்குப் பன்னிரண்டு வருடமாவது ஆயுள் விதிக்கப்படல் வேண்டும். ஏழு வயதில் ஏறும் பிள்ளை பத்தொன்பது வயது வரை அதே வகைப் பலகையில் ஓடத்தக்கதாய் இருக்கவேண்டும். ஒலிம்பிக் பலகையை மாற்றத்தான் வேண்டுமானால், மாற்றப்போகும் விழாவுக்கு முன் ஒரு முழு விழா இடைவெளி விட்டு அறிவித்தல் கொடுக்கவேண்டும். கூலிக்கு வீடு எடுத்தவனையே அறிவித்தலின்றி வெளியேற்ற முடியாது. பருவம் முழுவதையும் முதலிட்டவனை எப்படி வெளியேற்றுவது? எந்தப் பிரதிநிதி எப்பக்கம் வாக்களித்தார் என்பது அன்று மாலையே பெயரோடு அச்சாகவேண்டும். வாக்கு மாறி விழுந்தது என்ற சாக்குக்கு அப்பொழுது இடமிராது. ஓட்டுபவர்கள் தாமே தெரிந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு இவ்விஷயத்தில் ஆலோசனை மட்டுமன்றி வாக்கும் வேண்டும். கழிக்கப்படும் பலகைகளை மீளப்பெற்று, பொனேர் போன்ற கரைகளுக்கும், இன்னும் ஒரு பலகைதானும் காணாத கரைகளுக்கும் அனுப்பும் பொறுப்பைப் புதிய பலகையை விற்று இலாபம் பெறுவோர் மீதே சுமத்தவேண்டும்.

2015 இல் அச்சம்மேளனம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இப்போது வேர்ல்ட் செய்லிங் என்று அழைக்கப்படுகிறது. 2028 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் நீர்ச்சிறகுப் பலகையே தொடருமென்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்பால் 2032 இல் பிரிஸ்பேன் விழா இருக்கின்றது. அங்கு ஓடவேண்டிய பிள்ளை இன்று ஏதோவொரு குடாவில், இடுப்பளவு நீரில் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. அப்பிள்ளைக்கு எந்தப் பலகையை வாங்குவது என்று அதன் தகப்பன் கேட்டு ஒரு கடிதம் எழுதினால், சம்மேளனத்தார் அதற்குக் கையொப்பமிட்ட பதில் ஒன்றைக் கொடுக்கட்டும்.